எட்டு வெட்டு

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். தப்பு. வருவதற்கு அது எங்கேயாவது போயிருக்க வேண்டுமே? அங்கேயேதான் குடியிருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாய்லர். காதுபடவே கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வராது. "பாய்லர் இல்லன்னா உங்க துணி எப்படி வெளுக்கும்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

இருபத்தாறு வருடம் அவள் நின்ற இடம் இஸ்திரி உருளைக்கு முன்னால். ஈரப் படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். கொடுக்கிற கை ஒரு நொடி அசந்தால் விரல் போய்விடும். அவளுக்கு விரல் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. நுனிகள் மட்டும் எப்போதும் வெளிறி, லேசாகச் சிவந்திருக்கும். நான் அதே சலவைக்கூடத்தின் வண்டி ஓட்டுநர். அழுக்கு மூட்டையைக் கொண்டுவருவதும் வெளுத்த மூட்டையைக் கொண்டுபோவதும் என் பிழைப்பு. கல்யாணமான ஒன்றரை வருடத்தில், "இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று அவள் பெட்டியோடு வந்து நின்றபோது, எங்கள் பின்னறையை அவளுக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நான்கு வாடகை வீடு மாறிவிட்டோம். நான்கிலும் பின்னறை அவளுக்குத்தான்.

பின்னறைக்கு வெளியே ஒரு டிரம். சோப்புத் திரவம் வந்த நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டது. அதில்தான் அவளுடைய காமெலியா.

காமெலியா தேயிலைக்குப் பங்காளி. அதைக் கிள்ளிக் குடிக்கிறோம், இதை வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கரும்பச்சையில் எண்ணெய் தடவினாற்போன்ற இலை. மற்ற செடியெல்லாம் குளிரில் சுருண்டு கிடக்கும்போது இது பூக்கும். ஆஸ்பத்திரி முன்பாதையில் இரண்டு பக்கமும் வேலிபோல் நிற்கிறது. மதியச் சாப்பாட்டை அந்த வேலியோரத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் அக்கா சாப்பிடுவாள். ஒரு நாள் அதில் ஒரு காய் மூன்றாக வெடித்திருந்தது. உள்ளே ஐந்து விதை. காய்ந்தால் முளைக்காது என்று தோட்டக்காரர் சொன்னாராம். சலவைக்கூடத்தில் பஞ்சுக்கா பஞ்சம்? ஈரப் பஞ்சில் சுற்றி, மாத்திரை டப்பாவில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஐந்தில் மூன்று முளைத்தது. ஒன்றை வீட்டுக்காரருடைய நாய் தோண்டிப் போட்டது. இன்னொன்று நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வாளியை அதன் பக்கத்தில் கழுவியதால் மஞ்சளாகிச் செத்தது. காமெலியாவுக்குச் சுண்ணாம்பு ஜென்ம விரோதி என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பதினைந்து நாள் அக்காவின் வாயில் விழுந்தபிறகு நன்றாகத் தெரிந்தது. எங்கள் குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்புதான், கொதிக்கவைக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஆகவே மிஞ்சிய ஒரே கன்றுக்கு அவள் குழாய்த் தண்ணீர் விட்டதில்லை. இஸ்திரி உருளையின் ஆவி குளிர்ந்து சொட்டும் நீரை கேனில் பிடித்து, தினமும் ஷிப்ட் முடிந்ததும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவாள். பத்து வருடம். ஒரு நாள் தவறியதில்லை.

பத்து வருடமும் வெறும் இலை. என் மனைவி ஒரு தடவை கேட்டே விட்டாள். "அண்ணி, இந்த இலைக்கா இவ்வளவு பாடு?"

"உன் புருஷனுக்குப் பதினஞ்சு வருஷமா சோறு போடறியே, அவன் பூத்தானா?" என்றாள் அக்கா. அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அதற்குள் அவள் ஆஸ்பத்திரி வேலியில் இருந்த எழுபத்தெட்டுச் செடியையும் பூ இல்லாமலே பிரித்துச் சொல்லப் பழகியிருந்தாள். இலையைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நரம்பைப் பார்ப்பாள். இளந்தண்டை விரலால் தடவுவாள். பூனை முடி மாதிரி இருந்தால் குளிருக்கு முன்னாடியே பூக்கிற ஜாதி, அதன் பூ இதழ் இதழாக உதிரும். வழவழவென்று இருந்தால் குளிரில் பூக்கிற ஜாதி, அதன் பூ முழுசாக விழும். வேலியில் ஒரு செடி ஒட்டுக் கட்டியது. ஒரு குளிரில் மேல்பாகம் கருகிப்போக, மண்ணுக்குள்ளிருந்து வேறு இலையும் வேறு பூவுமாக ஒன்று கிளம்பியது. "மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். தலை போனா கீழ இருக்கறவனோட சுயரூபம் தெரியும்" என்று அதைக் காட்டிச் சிரிப்பாள். பூவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளப்பம். "சட்டையப் பாத்து ஆள் யாருன்னு சொல்ற மாதிரி" என்பாள்.

பதினோராம் வருடம் செடி பூத்தது. வெள்ளை. அடுக்கடுக்கான இதழ், ஒவ்வொன்றின் அடியிலும் லேசான சிவப்பு. என் மனைவிதான் சொன்னாள், அண்ணியின் விரல் நுனி மாதிரியே இருக்கிறது என்று. அன்று சாயங்காலம் மட்டும் அக்கா யாரையும் திட்டவில்லை.

மலர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது நான். நகர மன்றத்தில் வருடா வருடம் காமெலியா சங்கம் நடத்துவது. ஒரு தட்டில் ஒரு பூ, பக்கத்தில் ஓர் அட்டை, அட்டையில் ரகத்தின் பெயர். பெயர் இல்லாத பூவுக்கு மேசையில் இடமில்லை. வாசலில் சங்கத்தின் செயலாளர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா, "சொந்த விதையில வந்தது, பேரு இல்ல" என்றாள். அவர் பூவைக் கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார். செடியைப் பற்றி, இலையைப் பற்றி, ஒரு கேள்வி இல்லை.

"இது வெள்ளித்தட்டுங்க. பழைய ரகம். விதைன்னு நீங்க நெனச்சுட்டு இருக்கீங்க. வெள்ளித்தட்டுன்னு எழுதுங்க, இல்லன்னா மேசையில வைக்க முடியாது."

பின்னால் வரிசை நின்றது. நான் அக்காவின் முழங்கையைத் தொட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வெள்ளித்தட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், "வெள்ளித்தட்டு பூ மரத்துலயே பழுப்பாகி அழுகும்டா. இது மல்லாக்க முழுசா விழுது. இதுகூடத் தெரியாம ஒரு செயலாளர்!" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் கோட்டு என்று பெயர்.

அடுத்த வாரம் கோட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா ஷிப்டில் இருந்தாள், நான் லீவில் இருந்தேன். ரகத்தை உறுதிசெய்ய வேண்டும், மொட்டும் இலையுமாக மாதிரிக்குக் கொஞ்சம் குச்சி வேண்டும் என்றார். தான் இல்லாத நேரத்தில் அந்தச் செடியில் யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று அக்கா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஞாபகம் இருந்தும் நான் கிளையை வளைத்துப் பிடித்துக் கொடுத்தேன், அவர் வெட்டிக்கொண்டார். ஈரத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். அவர் கையை உதறியபோது துடைத்துக்கொள்ள நான் துண்டு வேறு கொடுத்தேன்.

சாயங்காலம் அக்காவிடம், "ரெண்டு குச்சி எடுத்துட்டுப் போனார், அடையாளம் பாக்க" என்றேன். அவள் கேனைக் கீழே வைத்துவிட்டுச் செடியைச் சுற்றி வந்தாள். சாய்வாக, சுத்தமாக, எட்டு வெட்டு. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாய்லர் சத்தம் போடும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? என் வீடு அதுதானே.

இரண்டு வருடம் கழித்து அதே மன்றத்தில், நடு மேசையில், தனிக் கண்ணாடித் தட்டில் எங்கள் பூ. எங்களுடையதுதான். இதழ் அடியில் அதே சிவப்பு. அட்டையில் செயலாளருடைய மகளின் பெயர் ரகத்தின் பெயராக எழுதியிருந்தது. "என் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்ந்த புதிய ரகம்" என்று கீழே ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நடு மேசையில் விளக்குப் போட்டு மறைத்தவனை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா போட்ட சத்தத்தில் மன்றம் முழுக்கத் திரும்பியது. சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை, பழைய அட்டைகளை எடுத்துவரச் சொன்னார். எங்கள் அட்டை வந்தது. வெள்ளித்தட்டு. கீழே அக்காவின் கையெழுத்து.

"இது நீங்க எழுதினதுதானே?" என்றார் தலைவி.

"அவர் எழுதச் சொன்னார்."

"சொன்னா எழுதிடுவீங்களா? உங்க செடின்னா உங்களுக்கே தெரியணுமே."

கோட்டு அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மிகவும் மரியாதையாக, வருத்தமான குரலில் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. என் தோட்டத்துக்கு நெறைய பேர் வர்றாங்க. யாரோ கிளையை ஒடிச்சு வித்திருப்பாங்க. நீங்க தெரியாம வாங்கி ஒட்டுக் கட்டியிருப்பீங்க."

திருடியவன் வாயால் திருடி என்ற பட்டம். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்தது. இந்த மனிதர் கையைத் துடைத்துக்கொள்ள நான் கொடுத்த துண்டு நினைவுக்கு வந்தது. நான் அப்போது முன்னே வந்து, "ஐயா, கிளையை நான்தான் பிடிச்சேன், நீங்கதான் வெட்டினீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் எந்தக் குரலில்? பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. தம்பி அக்காவுக்காகப் பேசத்தானே செய்வான் என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கருவிப் பெட்டியிலிருந்து ரம்பத்தை எடுத்தாள். நட்டநடு மத்தியானம். பூவும் மொட்டுமாக நின்ற செடியை, மண்ணுக்கு ஒரு சாண் மேலே வைத்து அறுத்தாள். என் மனைவி, "அண்ணி, வேணாம் அண்ணி" என்று கையைப் பிடித்தாள். "விடு! இது இருந்தாத்தானே எவனாவது கிளை கேப்பான்?" என்று அறுத்துக்கொண்டே இருந்தாள். பூக்கள் ஒவ்வொன்றாக மல்லாக்க விழுந்தன. பதிமூன்று வருடத்துச் செடி. சாய்ந்தபிறகு அதைக் குப்பைத் தொட்டிவரை அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

அக்கா கணக்குப் போட்டுத்தான் வெட்டினாள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். கணக்காவது கத்தரிக்காயாவது. வெறும் ஆத்திரம். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று அன்று நானும்தான் நினைத்தேன். மறுநாள் கேன் காலியாக வந்தது. மூன்று மாதம் அந்த டிரம்மை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, விழுந்த மழைதான் அதற்குத் தண்ணீர்.

வெயில் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடப் போன என் மனைவி கூப்பிட்டாள். "அண்ணி, கட்டையில துளிர் வந்திருக்கு." அக்கா போய்ப் பார்த்தாள். கட்டையின் பக்கத்தில் மூன்று சிவந்த துளிர். இன்னும் இரண்டு, கட்டையிலிருந்து அல்ல, மண்ணுக்குள்ளிருந்து. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே போனாள். வேர் கிளம்பும் இடத்துக்கும் கீழேயிருந்து வந்திருந்தன. இலையைத் திருப்பிப் பார்த்தாள். தண்டைத் தடவினாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, இங்க வாடா. ஒட்டுச் செடின்னா கீழேர்ந்து என்ன வரும்?"

"வேற ஜாதி வரும்."

"இது அதே ஜாதிடா. தலையிலேர்ந்து வேர்வரைக்கும் ஒருத்திதான். பூக்கட்டும். பூத்தா அதுவே வாயத் தொறந்து சொல்லும்."

மறுநாள் கேன் நிரம்பி வந்தது. சங்கத்தில் ஒரு விதி உண்டு. புதிய ரகத்தை முதலில் காட்டிய பிறகு இன்னும் மூன்று கண்காட்சியில் வைத்தால்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். மூன்றாவது வருடம் தாய்ச்செடியையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். கோட்டு ஒவ்வொரு வருடமும் பூ வைத்தார். அக்கா ஒரு வருடமும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு குளிர்காலம் எங்கள் பின்பக்கத்தில் ஒரு பூ கிடையாது. வேலியோரத்து பெஞ்சில் சாப்பிடுவதையும் அவள் நிறுத்திவிட்டாள். பூத்த செடியைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்றாள்.

மூன்றாவது குளிரில், மண்ணுக்குள்ளிருந்து வந்த இரண்டு தண்டிலும் ஏழு மொட்டு. கண்காட்சி அன்று நாலு விரிந்திருந்தன. சலவை வண்டியில் மூட்டை வைக்கும் இடத்தில் டிரம்மை ஏற்றினோம். மன்றத்து வாசலில் இறக்கி, மூட்டை தள்ளும் வண்டியில் வைத்து நான் தள்ள, அக்கா முன்னால் நடந்தாள். அவள் தோளில் ஒரு துணிப்பை.

கோட்டின் தாய்ச்செடி பளபளப்பான பீங்கான் தொட்டியில் நின்றது. இடுப்பளவு உயரம், நிறைய பூ. அக்கா பூவைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து அடியைப் பார்த்தாள். காமெலியாவை மேலாகத்தான் நட வேண்டும். வேர் பிரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், ஆழப் புதைத்தால் மூச்சு முட்டும். இது சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். செயலாளருடைய செடியோ கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

"ஏன் சார் இவ்வளவு ஆழமா நட்டிருக்கீங்க?" என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. "கழுத்துல என்ன மறைக்கிறீங்க?"

"பூத்திருக்கிற செடியில கை வைக்காதீங்கம்மா!"

அக்கா பையிலிருந்து என் ரம்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தலைவியைப் பார்த்துப் பேசினாள்.

"நான் ஒட்டுக் கட்டினேன்னு இவர் சொன்னார். என் செடியை அடியோட அறுத்தேன். மண்ணுக்குள்ளேர்ந்து என்ன வந்திருக்குன்னு நீங்களே பாருங்க. இவரும் அறுக்கட்டும். விதையிலேர்ந்து வந்ததுன்னா இதே பூதான் திரும்ப வரும், ஒண்ணும் நஷ்டமில்ல. மூணு வருஷம் காத்திருக்கணும். நான் காத்திருந்தேன். இவரால முடியாதா?"

தலைவி டிரம்முக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மண்ணை விலக்கினார், தண்டு கிளம்பும் இடத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். எழுந்து, தேநீர் மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பீங்கான் தொட்டிக்குப் போனார். கோட்டு குறுக்கே வந்தார். "மேடம், என்னை நம்ப மாட்டீங்களா?" என்றார். "நம்பித்தான் கோட்டை விட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவி மண்ணைத் தோண்டினார். நாலு விரல் ஆழத்தில் அது இருந்தது. சாய்வான தழும்பு, மேலே ஒரு பட்டை, கீழே வேறொரு பட்டை. விதையில் பிறந்த தாய்ச்செடிக்கு ஒட்டுத் தழும்பு எங்கிருந்து வரும்? கோட்டு திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றார். யாரும் ரம்பத்தைத் தொடவில்லை.

மகள் பெயர் எழுதிய அட்டையைத் தலைவியே எடுத்துக் கிழித்தார். புது அட்டையை அக்காவிடம் நீட்டினார். அக்கா யோசிக்காமல் எழுதினாள்: பாய்லர்.

"வெள்ளைப் பூவுக்கு பாய்லர்னா பேரு வைப்பாங்க?" என்றார் தலைவி.

"அதுலதான் வெளுத்துது."

தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே கோபத்தை விடுங்கம்மா."

அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "மூணு வருஷம் எனக்குப் பூ இல்ல மேடம். அது எங்க சரியாச்சு?"

டிரம்மை வண்டியில் ஏற்றினோம். என் மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று எடுத்தேன். எனக்கு ஒரே குஷி. அக்கா பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, நேரே பார்த்தபடி கேட்டாள்.

"நீ ஏன்டா அன்னைக்குக் கிளையைப் பிடிச்சுக் குடுத்த?"

ஐந்து வருடம் கேட்காத கேள்வி. நான் போனைப் பையில் வைத்தேன்.

"அவன் திருடன். திருட வந்தான், திருடினான். அவன் கணக்கு இன்னைக்குத் தீந்துடுச்சு. நான் உன்னைக் கேக்கறேன்."

"கோட்டு போட்டுட்டு வந்தாருக்கா. சார்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"என்கிட்ட ரெண்டு குச்சின்னு சொல்ல மட்டும் எப்படிடா வாய் வந்துச்சு?"

நான் சாவியைச் செருகினேன், திருகவில்லை. அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குத் தெரியும். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"வண்டியை எடு. மண்ணு காயுது."